முனியின் கையை உயர்த்திய நாள்

மண் சரிந்து தேயிலைத் தோட்டத்து முனியாண்டி சிலை உடைந்தபோது நான் திரிங்காப்பு ஊரில் காய்கறி லோரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டு, ஈப்போவில் டயர் கடை, ஜொகூரில் தொழிற்சாலை என்று அலைந்தவன். பழைய மடிக்கணினியில் உருவம் செதுக்க, போன் வீடியோ பார்த்துக் கற்றிருந்தேன். அதைக் கேள்விப்பட்டு, கோயில் கமிட்டித் தலைவரான கங்காணி என்னைத் தம் வீட்டில் உட்கார வைத்தார். தோட்டத்து லய வீட்டு ஆட்களின் போனில் கிடந்த பழைய சிலையின் படங்களைப் பார்த்துச் செதுக்கினேன். ஈப்போவில் ஒரு கடை அதை முப்பரிமாணத்தில் அச்சடித்துச் சிலையாக வார்த்துத் தரும்.

முகம் வந்த அன்று பூசாரி மடிக்கணினித் திரைக்கு முன் சூடம் காட்டி, கண் திறந்தாகிவிட்டது, இனி யாரும் கண்ணைத் தொடக்கூடாது என்றார். அவசரப்பட்டுவிட்டார். வேலை பாதிதான் முடிந்திருந்தது.

கணினிக் கோப்பை ஈப்போ கடைக்கு அனுப்ப வேண்டிய நாளில் கங்காணி திரையை உற்றுப் பார்த்தார்.

"கை இவ்ளோ கீழ இல்ல தம்பி. அருவா தலைக்கு மேல நிக்கும்."

"இப்ப சொல்றீங்களே அண்ணே."

"இத்தன நாளா மூஞ்சியதான பாத்தேன். இப்பதான் கைக்கு வந்திருக்கேன் லா."

கையைப் பிடித்து மேலே இழுத்தேன். திரைக்குள் உருவம் என்பது சிறு கட்டங்களால் பின்னிய வலை. இழுத்த இடத்தில் கட்டங்கள் ரப்பராக நீண்டன. தோளில் தசை வைக்கப்போனால் பல் பல்லாகக் கிழிந்தது. ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வலை முழுவதையும் கணினியைப் புதிதாகப் பின்னச் சொன்னேன். தோளில் கட்டங்கள் சீராயின. ஆனால் மீசை மெழுகாக உருகிவிட்டது. கண் இருந்த இடத்தில் இரண்டு குழிகள்.

கங்காணி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதே முகம் வரும்னு லயத்துல எல்லாருக்கும் வாக்கு குடுத்துட்டேன். இல்லன்னா கடையில விக்கிற ஏதாவது சிலைய வாங்கிருவாங்க. அப்பறம் எவனும் என்னை நம்ப மாட்டான்."

புது வலையை, பழைய முகம் இருந்த நகலின் மேல் ஈரத்துணி போல ஒட்டவிட்டேன். கன்னத்திலிருந்து முட்கள் கிளம்பின. உயர்ந்த கை இப்போது காதை ஒட்டி நின்றதால், கன்னத்துக் கட்டங்கள் புஜத்தைப் பிடித்துக்கொண்டன.

"என்னடா, முனிக்கு அம்மை போட்டுருச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முனியின் கையைத் திரையில் மறைத்துவிட்டு முகத்தை மட்டும் ஒட்டினேன், முதலில் பெரிய கட்டங்களில். பிறகு ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்து மறுபடி ஒட்டினேன். மூக்கு வந்தது. மீசை முறுக்கு வந்தது. அடுத்த முறை திரை அப்படியே உறைந்தது, கணினியின் விசிறி இரைந்தது. தொட்டால் எல்லாம் போய்விடும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். மெதுவாக இமை வந்தது, பின் விழி. தோளை மட்டும் ஒட்டவில்லை. நகலில் இழுபட்ட வரிகள் அங்கேதான் இருந்தன. அதை நானே செதுக்கிச் சரிசெய்தேன்.

அதே முகம்தான் என்ற என் பேச்சை நம்பாமல் கங்காணி, கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த ஓர் அக்காவை உள்ளே கூப்பிட்டார். அவர் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து பார்த்தார்.

"கண்ண தொட்டியா?"

"கண்ணுல புதுசா எதுவும் செதுக்கல அக்கா. பழசுலேருந்து அப்படியே வந்தது."

மறுபடி பார்த்தார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்ப அந்த எச்சி காப்பி மங்க எடு. சாமி முன்னால வச்சிருக்கான் பாரு."

நான் குடித்துவிட்டுத் திரைக்கு முன் வைத்திருந்த அந்தக் குவளையை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன். கங்காணி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"அனுப்பு தம்பி" என்றார்.