ஏசி வலையில் ஒரு முடி

கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடிபோன வாடகை வீட்டில் ஏசி ஏற்கெனவே இருந்தது. அதைப் போட்டாலே என் மகளுக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வரும். அதைச் சுத்தம் செய்யக் கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஒல்லியானவர், இமை மயிரில்கூடத் தூசி படிந்திருந்தது.

ஏசிக்குள் தூசியைப் பிடிக்கும் வலையைக் கழற்றியவர் உடனே கழுவப் போகவில்லை. தூசியைச் செய்தித்தாளில் தட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் கிளறினார். எல்லா வீட்டிலும் இப்படித்தான் பார்ப்பாராம். நீளமான ஒரு வெள்ளை முடியை எடுத்துக் காட்டினார்.

“வூட்ல வயசானவங்க யாருனா இருக்காங்களா சார்?”

“இல்லையே. முன்னாடி குடியிருந்தவங்களோடதா இருக்கும்.”

அவர் அந்த முடியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு வலையைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டினார்.

“இனிமே தும்மல் கம்மியாயிடும். மாசாமாசம் நீங்களே கழுவிக்கினு இருங்க.”

“மறுபடி முடி வந்தா?” என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “வந்தா என்னக் கூப்புடாதீங்க சார்.”

மகளுக்குத் தும்மல் நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து, நேற்று வலையைக் கழற்றினேன். நான், மனைவி, மகள் என எங்கள் மூவருக்கும் தலை கருகருவென்றுதான் இருக்கிறது. வலையில் ஒரு வெள்ளை முடி, அதே நீளத்தில் ஒட்டியிருந்தது.

அவரைக் கூப்பிடவில்லை. முதல் முடியை எதற்காக எடுத்துப்போனார் என்று கேட்க மட்டும் ஆசையாக இருக்கிறது.