களைப்புக்கு மருந்து கண்டுபிடித்த பொன்னுலிங்கம்

பொன்னுலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பத்தைந்து வருஷம் பபூன் வேஷத்திலேயே போய்விட்டது. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் நடத்தும் தாணுமாலயனின் சபையில் ராஜா மாறினார், ராணி மாறினார் (ராணியும் மீசை மழித்த ஆண்பிள்ளைதான்), பபூன் மட்டும் மாறவில்லை. அவருடைய இடது முழங்கால்தான் வீங்கி, மடக்கினால் நீட்ட முடியாமலும் நீட்டினால் மடக்க முடியாமலும் ஆகிவிட்டது.

1933-ஆம் வருஷம் மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடைத் திருவிழாவுக்குக் கொட்டகை போட்டபோது, இனி முடியாது, சுசீந்திரத்தில் மகள் வீட்டோடு போய்க் கிடக்கிறேன் என்று தாணுமாலயனிடம் சொல்லிவிட்டார். தாணுமாலயன் சபைக்கு முதலாளி, ஆர்மோனியமும் அவர்தான். கொடை முடிந்ததும் விட்டுவிடுவதாக அம்மன் பேரில் சத்தியம் செய்தார். இந்தக் கொடைக்குப் புதிதாக ஒரு காமிக், பபூன் நடத்தும் சிரிப்புக் காட்சி, மட்டும் வேண்டும் என்றார்.

கதைக்குப் புத்தகம் உண்டு, பாட்டுக்கு நோட்டு உண்டு, காமிக்குக்கு ஒரு வரிகூட யாரும் எழுதுவதில்லை. உலையில் அரிசி வேகும் நேரத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சொல்லி உண்டாக்குவதுதான் வழக்கம். அன்றைக்கு ஒருவனுக்கும் ஒன்றும் ஓடவில்லை. பொன்னுலிங்கம் முழங்கால் முட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, ஆகாயக் கப்பல் கண்டுபிடிக்கிறான், ரேடியோ கண்டுபிடிக்கிறான், இந்தக் களைப்புக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்க எவனுக்காவது துப்பு உண்டா என்று முனகினார். தாணுமாலயன் தொடையில் தட்டி, இதுதான் காமிக் என்றார். மனுஷன் வலியில் முனகினாலும் அதில் காமிக் தேடுகிற பிறவி அவர்.

அப்படிப் பிறந்தவர்தான் பொன்னுலிங்கம் வேஷம் போட்ட சயன்ஸ் சாஸ்திரியார். பழைய கறுப்புக் கோட்டு, கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி, காதில் வைத்துப் பார்க்கப் பப்பாளித் தண்டு. உடம்பில் களைப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தண்டை வைத்துத் தேடுவார். இடுப்பைத் தாண்டி ஓடுகிறது, பிடி பிடி என்று கத்துவார். கடைசியில் குப்பியிலிருந்து மருந்து ஊற்றுவார். அதைக் குடிக்கச் சபையின் சமையல்காரன் சிலுவைமுத்து ஊர்க்காரன் மாதிரி கூட்டத்தில் உட்கார்ந்திருப்பான். மேலெல்லாம் நோவு என்று புலம்பிக்கொண்டு மேடையேறுவான், குடிப்பான், உடனே சாஸ்திரியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடித் தொப்பென்று போடுவான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு நாளில் பொன்னுலிங்கத்தின் முட்டு இரண்டு மடங்காயிற்று.

சபைக்காரர்களுக்கு ஒன்று தோன்றாமல் போயிற்று. கொடைக்கு வந்த சனங்கள் சாஸ்திரியாரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். சிலுவைமுத்துவை உண்மையான நோயாளி என்றே நம்பினார்கள். மருந்தையும் நம்பினார்கள்.

மூன்றாம் நாள் சிலுவைமுத்து எழுந்திருக்கும் முன்பே வேறொருவர் மேடையேறிவிட்டார். மெலிந்த உடம்பு, நெஞ்சு முழுக்கப் பனை உரசிக் காய்த்த தழும்பு. கைகூப்பிக்கொண்டு நின்றார்.

“டாக்டரையா, எனக்குப் பேரு தங்கையன். பனையேறி. காலு ரெண்டும் தளந்து போச்சு. இந்தப் பருவம் ஏறாட்டி பனையை வேற ஆளுக்குக் குடுத்துருவாவ. ஒரு மடக்குத் தாருங்க.”

கூட்டம் சிரித்தது. இவரும் சபை ஆள்தான் என்று முன்வரிசை நினைத்தது.

பொன்னுலிங்கத்துக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. இந்த மனுஷனை ஏமாற்றினால் பாவம் என்று நினைத்தார். கூடவே இன்னொன்றும் நினைத்தார், அதை மறைப்பானேன்? சூழ்ச்சியைப் போட்டு உடைத்துவிட்டால் காமிக் இன்றோடு செத்தது, நாளைக்கே மகள் வீடு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“மருந்து ஒண்ணும் இல்ல மக்கா. இது கருப்பட்டியும் சுக்கும் போட்ட தண்ணி. அன்னா இருக்கான் பாரு, அவன் எங்க சமையல்காரன். எனக்கே முட்டு ஒடியுது. மருந்து இருந்தா நான் குடிச்சிருக்க மாட்டனா?”

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. பெண்கள் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். “ஒன்ஸ் மோர்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பிற்று, அப்புறம் எல்லாக் குரலும். ஒன்ஸ் மோர் கேட்டால் திரும்பச் செய்தே ஆகவேண்டும், இல்லையென்றால் மண்ணள்ளி வீசுவார்கள். தாணுமாலயன் பழையபடி ஆர்மோனியத்தில் ஆரம்பித்தார்.

தங்கையனுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. திரும்பவும் கேள் என்று சனங்கள் சொல்வதாக மட்டும் புரிந்தது. இந்தத் தடவை டாக்டர் மனசு இரங்குவார் என்று நம்பி, கூப்பிய கையை இன்னும் உயர்த்தி, முன்பு சொன்னதையே சொன்னார். பொன்னுலிங்கமும் மருந்து இல்லை என்பதையே திரும்பச் சொன்னார். முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள்.

மறுபடியும் ஒன்ஸ் மோர். தாணுமாலயன் ஆர்மோனியத்தின் மேல் குனிந்தபடியே சொன்னார்.

“சத்தியம் தவறினா அம்மன் பொறுத்துக்கிடுவா. உம்மை இனி விட முடியாது ஓய்.”

தங்கையன் மூன்றாம் தரமும் கேட்டார். இப்போது அழுதுகொண்டே கேட்டார்.

“இல்ல மக்கா,” என்றார் பொன்னுலிங்கம். குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

அதற்கும் கை தட்டினார்கள்.