சந்தனப் பொட்டும் எண்ணெய் முள்ளும்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கார் கழுவும் கடை வாசலில் நின்றிருந்தேன். என் வேன் வரிசையில் ஆறாவது. முன்னால் நின்ற வண்டிகள் எல்லாம் பானட்டைத் திறந்து வைத்திருந்தன. யாரோ அவசரத்தில் சூடு ஆறாத எஞ்சினிலேயே சந்தனத்தைத் தடவிவிட்டார்கள் போலிருக்கிறது. வெந்த சந்தனமும் எஞ்சின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்கு முன்னால் நின்ற பையன், முப்பது வயதிருக்கும், பளபளக்கும் புது வண்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். எஞ்சின் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. மேலே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அதன் மேல் பொட்டு. பழைய வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஆயில் லைட் வந்துச்சு ஆன்டி. எஞ்சின் போச்சுன்னாங்க, தள்ளி விட்டுட்டேன்" என்றான். பிரஷரை யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேட்டதற்கு, நான் ஏதோ அவனுடைய சம்பளத்தைக் கேட்டுவிட்டது போலப் பார்த்தான்.

முன்பு என்னிடம் ஒரு பிக்கப் இருந்தது. டீசல் வண்டி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். என் கைக்கு வந்தபோது பால் குறைந்த தேநீர் நிறம். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஆறு வருடம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குள் குனிந்து மயிரிழைக் கம்பிகளைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வளைந்துபோய், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தேன். செலாயாங் மொத்தச் சந்தையில் வாழையிலை எடுத்து கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடும் வேலையை ஆரம்பித்தேன். வாழையிலை லேசான சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நுனி கிழிந்திருந்தால் வாங்க மாட்டார்கள், வெயில் பட்டால் சுருண்டுகொள்ளும், கட்டு நனைந்தால் அழுகிவிடும். கல்யாண மாதத்தில் இலைக்காக என்னிடம் கெஞ்சியவர்கள் உண்டு. தொழிற்சாலையில் கழிவறைக்குப் போகவே அட்டை வாங்க வேண்டியிருந்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒருநாள் மழையில் வண்டி சறுக்கிக் கால்வாயில் இறங்கியது. எனக்கு ஒரு கீறல் இல்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பானட்டைத் திறந்து எஞ்சினுக்கே பொட்டு வைக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் கண்ணாடிக்கும் ஸ்டீயரிங்குக்கும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. எஞ்சினின் பக்கவாட்டில், கைக்கு எட்டும் இடத்தில், குட்டிக் கலசம் போல ஓர் உருண்டை நீட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் ஒரு கம்பி செருகியிருக்கும். பொட்டுக்கென்றே செய்து வைத்தது போல இருந்ததால், பன்னீரில் குழைத்த சந்தனத்தை அதன் தலையில் தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்துவிடுவேன். இப்படி இரண்டு வருடம் போயிற்று.

அப்புறம் ஒரு புதன்கிழமை காலை, ஃபெடரல் நெடுஞ்சாலையில், பின்னால் இலைக்கட்டுகள் அடுக்கியிருக்க, எண்ணெய் பிரஷர் காட்டும் முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் உட்கார்ந்தது. எண்ணெய் ஏறாமல் எஞ்சின் ஓடினால் உள்ளே இரும்போடு இரும்பு தேய்ந்து சில நிமிடங்களில் பாழாகிவிடும் என்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். உடனே ஓரங்கட்டி அணைத்துவிட்டேன். என் அண்ணன் ஒரு நண்பரின் லோரியோடு வந்து கயிறு கட்டி இழுத்தான். இலை முழுக்க வாடிப் போனது.

கிள்ளானில் ஒரு வொர்க்‌ஷாப். அதன் முதலாளி நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எஞ்சினை ஒரு நிமிடம் ஓட விட்டார். முள் அசையவில்லை. துணியில் கை துடைத்தார். "பேரிங் தேஞ்சு போச்சு லா. பழைய வண்டி, வந்த வெலைக்குத் தள்ளிருங்க" என்றார். என்னிடம் இல்லை, அண்ணனிடம். வண்டி என்னுடையது என்று நான் சொன்னதும் அதையும் அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. வண்டியின் உரிமைப் பத்திரத்தை நாங்கள் கிரான் என்போம். வாங்கும்போது ஏதோ வசதிக்காக அதை அண்ணன் பெயரில் எழுதியிருந்தோம். கால்வாய் சம்பவத்துக்குப் பிறகு அவனுக்கு நான் வண்டி ஓட்டுவதே பிடிக்கவில்லை. என் மேல் பாசம் இல்லாதவன் அல்ல. பாசம் ஜாஸ்தியானதால் வந்த வினை. வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்து நிறுத்தியதும் சொன்னான்: "சனிக்கெழம ஆள் வர்றான் பாப்பா, பேசிட்டேன். நீ பேக்டரிக்கே திரும்பிப் போ. கௌரவமான வேலை." அவன் சொன்ன கௌரவம் எனக்குக் கழிவறை அட்டையை ஞாபகப்படுத்தியது. வண்டி போனால் நான் மறுபடி அந்தப் பூதக்கண்ணாடிக்குள் போக வேண்டும். மாட்டேன் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

எனக்கு இருந்தது மூன்று நாள். வண்டியோடு வந்த ஒரு பழுதுபார்க்கும் கையேடு டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கிடந்தது. ஆங்கிலம், பாதிப் பக்கம் எண்ணெய்க் கறை. சமையலறை மேசையில் அகராதியையும் அதையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் எண்ணெய் அளவு. குச்சியை உருவிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அடுத்தது எண்ணெயில் டீசல் கலந்து நீர்த்திருக்கிறதா என்பது. விரலில் தேய்த்தேன், முகர்ந்தேன். டீசல் வண்டியின் எண்ணெய் எப்போதும் கறுப்புத்தான், ஆனால் டீசல் வாடை இல்லை, கொழகொழப்பும் குறையவில்லை. மூன்றாவது சத்தம். பேரிங் தேய்ந்திருந்தால் அடிவயிற்றிலிருந்து டொக் டொக்கென்று கேட்க வேண்டும். தினம் நாலு மணி நேரம் அந்த எஞ்சினோடு குடும்பம் நடத்தியவள் நான். அது இருமினால் எனக்குத் தெரியாதா? அப்படி ஒன்றுமே இல்லை. கடைசியாகத்தான் எனக்கு வேண்டிய வரி கிடைத்தது. எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால், முள்ளுக்குச் செய்தி அனுப்பும் சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் நேரடி அளவுமானி ஒன்றை முறுக்கிப் பிரஷரைப் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது.

வொர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டேன். அப்படியொன்று அவரிடம் இல்லை. மீட்டர் பொய் சொல்லாது என்று அனுப்பிவிட்டார். கிள்ளான் துறைமுகப் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்குச் சாமான் விற்கும் ஒரு சீனர் கடை இருந்தது. அங்கே பித்தளை விளிம்பு போட்ட ஒரு அளவுமானியும் அதற்குக் குழாயும் கிடைத்தன. எத்தனை அடிப் படகு என்று கடைக்காரர் மலாயில் கேட்டார். பிக்கப் என்றேன். மனிதர் சிரிக்கவில்லை, திருகுப் புரியின் அளவைக் கேட்டு, பொருந்தும் இணைப்பு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அவருக்கு இன்றைக்கும் என் நன்றி உண்டு.

சனிக்கிழமை காலை, வீட்டு வாசல். அண்ணன் கைகட்டி நின்றான். கையேட்டில் இருந்த படத்தை வைத்துச் சென்சாரைத் தேடினேன். தேடத் தேட விரல் போய் நின்ற இடம் அந்தக் கலசம். இரண்டு வருடச் சந்தனம் வறட்டியாய்க் காய்ந்திருந்தது. சுரண்டினால் அடியில் பச்சைப் பச்சையாய்ச் செம்புக் களிம்பு. பன்னீர் ஈரத்தில் அரித்துப்போயிருந்த கம்பி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. உருண்டையைக் கழற்றினேன், அளவுமானியை முறுக்கினேன், எஞ்சினை ஓடவிட்டேன். முள் துள்ளி ஏறியது. அதோடு விடவில்லை. சூடாகட்டும் என்று இருபது நிமிடம் ஓடவிட்டு, மெதுவோட்டத்தில் ஒரு தடவை, அழுத்தி மிதித்து ஒரு தடவை பார்த்தேன். கையேட்டில் போட்டிருந்த அளவுக்கு மேலேயே நின்றது.

அண்ணன் குனிந்து அந்தப் பச்சைக் களிம்பை முகர்ந்தான்.

"இது சந்தனம் தானே?"

"ஆமாண்ணே. நாந்தான் வச்சேன்."

"அப்ப எஞ்சினக் கெடுத்தது நீதான்."

"எஞ்சின் கெடல. காட்டுற கம்பிதான் கெட்டுச்சு. கிரான எம் பேருக்கு மாத்திக் குடு."

சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அளவுமானியையும் என் கரி பிடித்த கையையும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வண்டியை வாங்க வந்த ஆளுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினான். திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, மாற்றிக் கொடுத்தான். வரும் வழியில் வண்டியை நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், ஸ்டீயரிங்கில் பொட்டு வைத்தால் போதாதா என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

அடுத்த வாரம் புதுச் சென்சார் போட்டு அந்த வொர்க்‌ஷாப் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. முதலாளி வந்து எட்டிப் பார்த்து, ஒங்களுக்கு லக் இருக்கு லா என்றார். "லக் இல்லண்ணே, அளந்து பாத்தேன்" என்றேன். சந்தன விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா என்ன? பொட்டு வைப்பதையும் நான் விடவில்லை. காற்று வடிகட்டியின் மூடிக்கு மாற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்த வண்டி எனக்கு ஓடியது. கடைசியில் அடித்தளம் துருப்பிடித்துக் காலடியில் சாலை தெரிய ஆரம்பித்ததும்தான் பழைய இரும்புக்குக் கொடுத்தேன். ரசீது எழுதிய பையனிடம், எஞ்சின் நல்ல நிலையில் என்று மலாயில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எப்படியும் உருக்கப் போகிறோமே அக்கா என்றான். எழுதும் வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இன்று அந்த வொர்க்‌ஷாப் இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை. படகுச் சாமான் கடையும் இல்லை. முள் வைத்த வண்டிகளே அருகிப்போய்விட்டன. ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் நம்பித் தலையாட்ட வேண்டியதுதான். அண்ணன் போய் நாலு வருடம் ஆகிறது. அந்தச் சனிக்கிழமை முள் ஏறியதைப் பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் இதை எழுதி வைக்கிறேன்: அந்த எஞ்சின் கெட்டுப்போகவே இல்லை.