அண்ணனின் மாவுக்கட்டும் ஒரு திங்கட்கிழமையும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பல விதமாக அறிந்தவர்கள். கடைசி வரை அவருடன் ஒரே வீட்டில் இருந்த தம்பி நான். என் நாட்குறிப்புகளில் உள்ளதை மட்டும் வைத்து இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கொச்சியில், மட்டாஞ்சேரி கொச்சங்காடியில், ஒரு சுக்குக் கிடங்கை ஒட்டிய ஓட்டு வீட்டில். அப்பா அந்தக் கிடங்கில் தரம் பிரிப்பவர். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதில் அவர் இறந்தார். அம்மா அதே கிடங்கில் சுக்குப் பொறுக்கி எங்கள் இருவரையும் வளர்த்தார். அண்ணன் சென்னையில் மருத்துவமும் எலும்பு சிகிச்சையில் மேற்படிப்பும் முடித்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். பெரியவர்களின் எலும்பு முறிவைப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். வளைந்த பாதத்தோடு பிறக்கும் குழந்தைகளையும், இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய குழந்தைகளையும் பார்க்க யாரும் இல்லை. அண்ணன் அவர்களை எடுத்துக்கொண்டார்.

வார நாட்களில் காயலுக்கு அக்கரையில், எறணாகுளத்தில் மருத்துவமனை வேலை. ஞாயிறு காலை எங்கள் வீட்டு முன்னறையில் மாவுக்கட்டு. வளைந்த பாதத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாக நேர்ப்படுத்தி, அந்த நிலையிலேயே கட்டுப் போட வேண்டும். கட்டுத் துணியில் பாரிஸ் சாந்து மாவைத் தேய்த்துச் சுருட்டுவது அண்ணியும் நானும். மழைக்காலத்தில் மாவு ஈரம் இழுத்துவிடும், கட்டு இறுகாது. இரும்புச் சட்டியில் வறுத்து எடுப்போம்.

“மத்த வீட்ல புட்டுக்கு மாவு வறுக்கறாங்க. நம்ம வீட்ல காலுக்கு வறுக்கறோம்” என்பார் அண்ணி.

“உப்புப் போட்டுராதே” என்பார் அண்ணன்.

குழந்தை அழுகிறதென்று பல தாய்மார்கள் கட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றிவிடுவார்கள். பாதம் பழையபடி திரும்பிவிடும். அதனால் கட்டுப் போட்டதும் அண்ணன் எல்லாரிடமும் ஒன்றையே சொல்வார்: “ரெண்டு நாள் அழும். பயந்து அவுத்துராதீங்க.”

அடைமழைக் கர்க்கடக மாதத்து ஞாயிறு ஒன்றில், அடுத்த தெருவிலிருந்து நபீசா என்ற தாய் தன் நாற்பது நாள் பெண் குழந்தையைக் கொண்டுவந்தார். அன்று மாவு சரியில்லை. அண்ணன் இரண்டு சுற்று அதிகமாக, இறுக்கிக் கட்டினார். மறுநாள் திங்கள், காலை பதினொரு மணிக்கு நபீசா குழந்தையோடு வாசலில் நின்றார்.

“டாக்டர் உண்டா? பிள்ளை விடாமக் கரையுது.”

“அண்ணன் அக்கரைக்குப் போயாச்சு, நாளைக்கு சாயங்காலம்தான் வருவார். ரெண்டு நாள் அழும்னு சொன்னாரில்ல?”

“இது வேற மாதிரி அழுகை.”

“நாளைக்கு வாம்மா” என்றேன்.

குழந்தையின் காலைச் சுற்றியிருந்த துணியை விலக்கி விரல்களைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மழையில் அவர் திரும்பிப் போனார்.

செவ்வாய் மாலை அண்ணன் கட்டை வெட்டித் திறந்தார். விரல்கள் கறுத்திருந்தன.

“நேத்தே ஏன் வரல?” என்று கத்தினார்.

நபீசா என்னைப் பார்த்தார். “வந்தேன்” என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. “நான் இறுக்கிக் கட்டிட்டேன். தப்பு என்னோடது” என்றார். கூட வந்திருந்த மாமியார், “படச்சவன் விதிச்சது, டாக்டரே” என்றதற்கு, “விதி இல்ல உம்மா, நான்” என்றார். மருத்துவமனையிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். பத்தாம் நாள் அந்தப் பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு அழுகையைப் பற்றி அண்ணன் எந்தத் தாய்க்கும் எதுவும் சொன்னதில்லை. கட்டுப் போட்ட அன்று மாலையும் மறுநாள் காலையும் குழந்தையின் வீட்டுக்கு அவரே போய் விரல்களைப் பார்த்தார். தேவரா, இடப்பள்ளி என்று எவ்வளவு தூரமானாலும், மழையானாலும் போனார். நபீசாவின் மகளுக்கு ஆண்டுதோறும் அவரே அளவெடுத்து, முன்பக்கம் பஞ்சு அடைத்த செருப்புத் தைப்பித்தார். நபீசா மகளை அழைத்து வருவார், காலை நீட்டச் சொல்வார், போய்விடுவார். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எக்ஸ்ரே திரையில் எலும்பைப் பார்த்தபடியே குழந்தையின் காலை வெறுங்கையால் பிடித்து நிமிர்த்துவது அண்ணனின் வழக்கம். உறை போட்டால் எலும்பு கைக்குத் தெரிவதில்லை என்பார். பல ஆண்டுகள் கழித்து விரல்களில் ஆறாத புண் வந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். புற்று அக்குளுக்கும் நுரையீரலுக்கும் ஏறியது. கண்ணேறு என்று புலம்பிய அத்தையிடம், “கண்ணேறு இல்ல அத்தே, எக்ஸ்ரே” என்றார்.

கடைசி வாரத்தில் நான், “அண்ணா, அந்தத் திங்கட்கிழமை…” என்று ஆரம்பித்தேன்.

“அது நான் சொல்லிக் குடுத்தது. நீ ஒப்பிச்சே. தண்ணி குடு” என்றார். எங்களுக்குள் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

நோயில் அவரைத் தூக்கி உட்காரவைத்த மருத்துவமனை ஊழியர்களுக்கும், அக்கரைக்கும் இக்கரைக்கும் பொறுமையாகக் கொண்டு சேர்த்த படகுக்காரர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த கிடங்குத் தொழிலாளர்களுக்கும், இனி நபீசாவின் மகளுக்குத் தானே அளவெடுத்துத் தைப்பதாக ஏற்றுக்கொண்ட செருப்புக் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

“மலர்ல போய் இதையா எழுதுவே?” என்று பெரியவர்கள் கடிந்துகொண்டார்கள். எழுதலாமா என்று கேட்க வேண்டியது அவர்களிடம் அல்ல என்று பட்டது. போன வெள்ளிக்கிழமை நபீசாவின் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, முழுவதையும் படித்துக் காட்டினேன்.

“எழுதிக்கோங்க. ஆனா நான் மாப்புக் குடுத்தேன்னு மட்டும் எழுதிராதீங்க” என்றார்.

அவர் அந்த மன்னிப்பைக் கொடுக்கவில்லை. அண்ணனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.