நாலரைத் தொன் வீட்டுக்கு ஒரு லொறி

ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு கைத்தொலைபேசிக் கடைக்கும் ஒரு பயண முகவர் கடைக்கும் நடுவே இருக்கிறது நான் வேலை செய்யும் அலுவலகம். வாகனப் பதிவு, காப்புறுதி, சாரதிப் பத்திரம் மாற்றுவது என்று வண்டியோடு சம்பந்தப்பட்ட கடதாசி வேலைகளைச் செய்து கொடுப்போம். 2014ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை என் அண்ணை அங்கே வந்தார். நனைந்த தொப்பியைக் கூடக் கழற்றாமல் ஒரு பிளாஸ்டிக் உறையை என் மேசையில் வைத்தார்.

“முதலாளி கரவானை எனக்கே தந்திட்டார். உதை இழுக்கிறதுக்கு என்ன லொறி சரிவரும் எண்டு பாத்துச் சொல்லு பிள்ளை.”

அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பிரான்சுக்கு வந்த புதிதில் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் எட்டு மாதம் கோப்பை கழுவினார். அது பிடிக்காமல், ஊர் ஊராகப் போய்க் களியாட்டச் சந்தைகளில் இனிப்புக் கடை போடும் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தோடு சேர்ந்துவிட்டார். சீனியைப் பஞ்சாகச் சுற்றிக் கொடுப்பதும் மாவைப் பிழிந்து எண்ணெயில் பொரிப்பதும் அவர் வேலை. வசந்தத்தில் வடக்கே தொடங்கி, கோடையில் மலைப்பக்கம் போய், ஐப்பசியில் திரும்புவார்கள். சொந்தக்காரர் யாராவது கேட்டால், அவர் போக்குவரத்துத் துறையில் இருக்கிறார் என்று என் கணவர் சொல்லிவிடுவார். அது முழுப்பொய்யும் இல்லை.

குளிர்காலத்தில் அண்ணை எபினே-சூர்-செய்னில் ஆற்றோரமாகச் சந்தைக்காரர்கள் வண்டி நிறுத்தும் வெளியில் இருப்பார். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவார். கல்யாணம் செய்யவில்லை. ஆறு வருடமாகச் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் முதலாளி தொழிலை விட்டுவிட்டு மனைவியோடு தெற்கே ஒரு வீட்டுக்குப் போய்விட்டார். கடையை மகள் பொறுப்பெடுத்தாள். அண்ணையின் வேலைக்கு ஆபத்து இல்லை. ஆனால் அவரவர் தங்கும் வண்டியை அவரவரே இழுத்து வரவேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். முதலாளி தன் பெரிய லொறியை விற்றுவிட்டு, அது இதுவரை இழுத்துத் திரிந்த, அண்ணை தங்கிவந்த கரவானை மட்டும் அண்ணையிடம் விட்டுப் போயிருந்தார்.

காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு போகும் சின்னக் கரவான் அல்ல அது. பதினொரு மீற்றர் நீளம். முன்பகுதி கழுத்துப்போல உயர்ந்து நீண்டு, இழுக்கும் லொறியின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதைப் பிடித்துக்கொள்ள லொறியின் முதுகில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். பிரெஞ்சில் அதற்கு ‘செலெத்’ என்று பெயர். உள்ளே குசினி, குளியலறை, படுக்கையறை, ஒரு பக்கச் சுவரை வெளியே தள்ளினால் அகலமாகிற இருக்கை அறை எல்லாம் உண்டு. சாமான்களோடு நாலரைத் தொன் வரை போகலாம் என்று பதிவுப் பத்திரத்தில் இருந்தது.

எனக்கும் என் கணவருக்கும் அண்ணை எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு எடுத்து இருக்கவேண்டும் என்பதே விருப்பம். முந்தின கோடையில் ஏதோ ஒரு ஊரில் அவருக்குச் சீனி இறங்கி, கரவானுக்குள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். முதலாளியின் மனைவி தற்செயலாகக் கதவைத் தட்டியதால் பிழைத்தார். இது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. எங்கள் விருப்பத்தை அவரிடமும் சொல்லியிருந்தோம். அவர் “பாப்பம்” என்றார். அவர் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

முதலில் பொந்துவாஸ் பக்கம் ஒரு விற்பனையாளரிடம் போனோம். என் கணவரும் வந்தார். அங்கே நின்றது அமெரிக்கப் பாணியிலான ஒரு பிக்கப். கறுப்பு நிறம், என் தோளுயரத்துக்கு முன்மூக்கு, பின்னால் இரட்டைச் சில்லு. ஏற்கெனவே யாரோ செலெத் பூட்டியிருந்தார்கள். அண்ணை அதைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். என் கணவர் சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்க மனமில்லாமல் இருந்தார்.

“இஞ்சரும், இது மலையையே இழுக்கும்,” என்றார் என்னைப் பார்த்து.

நான் பத்திரத்தைக் கேட்டு வாங்கினேன். இழுப்பதற்கு அதன் எஞ்சினுக்குப் பலம் இருந்தது. ஆனால் வண்டியே கிட்டத்தட்ட மூன்று தொன். பத்திரத்தில் அதற்கு அனுமதித்த எடையோ மூன்றரை. ஆட்களையும் சேர்த்து அதன் முதுகில் ஐந்நூறு கிலோதான் ஏற்றலாம். அண்ணையின் கரவானின் கழுத்தோ ஒரு தொன் எடையை லொறியின் மேல் வைக்கும்.

“இழுக்கிற பலம் வேறை, சுமக்கிற பலம் வேறை, அண்ணை. இதாலை இழுக்க ஏலும். சுமக்க ஏலாது.”

“அப்ப முதுகு காணாது எண்டுறாய்.”

“ஓம்.”

விற்பனையாளர் சிரித்து, எல்லோரும் இப்படித்தான் ஓடுகிறார்கள், யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை என்றார். அண்ணை இன்னொரு தரம் வண்டியைச் சுற்றிவந்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, “இறங்கும், போவம்,” என்றார்.

முதலாளி வைத்திருந்ததைப்போல ஒரு பெரிய லொறி எடுக்கலாமே என்று அடுத்ததாக யோசித்தோம். அதற்குக் கனரக வாகனப் பெர்மி, அதாவது அதற்கான சாரதிப் பத்திரம், வேண்டும். அந்தப் பெர்மிக்கு மருத்துவரிடம் போகவேண்டும். இன்சுலின் போடுபவருக்கு அது கிடைப்பது மிகவும் கஷ்டம். அந்த யோசனையை அன்றே விட்டோம்.

மூன்றாவது வண்டியைக் கண்டுபிடித்தது அண்ணைதான். பொவே நகருக்குப் பக்கத்தில், இவரைப் போலவே சந்தைத் தொழிலில் இருந்த ஒருவர் விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தார். சாமான் ஏற்றும் வெள்ளை வான் ஒன்றை, சாரதி இருக்கைக்குப் பின்னால் வெட்டியெடுத்துவிட்டு, வெறும் சட்டத்தின் மேல் செலெத் பூட்டியிருந்தார்கள். பார்க்க வடிவில்லை. தலை மட்டும் ஓடுவதுபோல இருக்கும். ஆனால் வெறும் எடை இரண்டேகால் தொன்தான். அதன் முதுகில் ஒரு தொன் வைத்தாலும் இடம் மிஞ்சும். வண்டியும் கரவானும் சேர்ந்து ஏழு தொன் வரை போகலாம் என்று பத்திரத்தில் இருந்தது. நான் அங்கேயே நின்று கூட்டிப் பார்த்தேன். சொந்தக்காரர் அதை அதிகம் ஓடவுமில்லை. எஞ்சினை இயக்கிவிட்டு அண்ணை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதுதான்,” என்றார்.

திரும்பி வரும்போது எனக்குத்தான் பெர்மி விஷயம் ஞாபகம் வந்தது. கார் ஓட்டும் பெர்மியோடு இவ்வளவு பெரிய கரவானை இழுக்க முடியாது. அதற்கு மேலதிகமாக இழுவைப் பெர்மி என்று ஒன்று இருக்கிறது. 2013இல் வந்த புது விதிப்படி அந்தப் பெர்மி இருந்தாலும் மூன்றரைத் தொன்னுக்கு மேல் இழுக்கக்கூடாது. அண்ணை பல வருடங்களுக்கு முன்பே முதலாளியின் வற்புறுத்தலால் இழுவைப் பெர்மி எடுத்தவர்தான். ஆனால் அந்தக் காலத்தில் அதற்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போகவேண்டும். சீனி வருத்தம் வந்த பிறகு அவர் போகவில்லை.

“அது செத்துப்போன பெர்மி. உயிரோடை இருந்தாலும் மூண்டரைக்கு மேலை விடமாட்டினம் எண்டுறாய். அப்ப விடுவம்,” என்றார்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் வேறு ஒருவருடைய பத்திரத்துக்காக அந்தப் புது விதியை முழுதாக வாசிக்கவேண்டி வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. இழுவைப் பெர்மிக்கு இனி மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. புது விதிக்கு முன் அந்தப் பெர்மியை எடுத்தவர்கள் மூன்றரைத் தொன்னுக்கு மேலும் இழுக்கலாம், அந்த உரிமை அவர்களைவிட்டுப் போகாது. புதிய அட்டையில் அதற்கு ஒரு குறியீட்டு எண்ணும் போட்டுக் கொடுப்பார்கள். அண்ணையின் பழைய பெர்மி சாகவே இல்லை.

அந்தப் பக்கத்தை அச்செடுத்தேன். மடித்து மேசை இழுப்பறையில் காப்புறுதிப் படிவங்களுக்குக் கீழே வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் அது உண்மையாக இராது. சொல்லாமல் விட்டால் அவர் எங்களுக்குப் பக்கத்தில் இருப்பார் என்றுதான் நினைத்தேன். என் கணவருக்கும் சொல்லவில்லை.

மூன்று கிழமை அப்படியே போனது. அதற்குள் எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில் ஒற்றை அறை வீடொன்று காலியானது. அண்ணையைக் கூட்டிப்போய்க் காட்டினோம். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. யன்னலைத் திறந்து மூடினார். தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்த்தார். காலமை வெயில் எந்தப் பக்கத்தால் வரும் என்று மட்டும் கேட்டார். வராது என்று என் கணவர் சொன்னார்.

அந்தக் கிழமையே ஒரு பின்னேரம் அவர் லா சப்பலில் சாமான் வாங்கிவிட்டு என் அலுவலகத்துக்கு வந்தார். இருவரும் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்து போய் எபினே ரயிலுக்காக மேடையில் நின்றோம்.

“முதலாளியின்ரை மகளிட்டைச் சொல்லிப்போட்டன், வேறை ஆளைப் பார் எண்டு,” என்றார்.

“என்ன சொன்னவ?”

“அழுதவள்.” ரயில் நேரப் பலகையைப் பார்த்தார். “பிள்ளை, அந்தப் பொரிக்கிற பெரிய தாச்சி அந்த அறைக்குள்ளை வைக்க இடம் காணாது. உன்ரை வீட்டிலை வைச்சிருக்கிறியே?”

அந்தத் தாச்சியை நான் கண்டிருக்கிறேன். அதை எங்கள் வீட்டில் எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்கினேன். உடுப்பு அலுமாரிக்கு மேலே வைக்கலாம். அந்த யோசனையை முடிக்காமலே சொல்லிவிட்டேன்.

“அண்ணை, உங்கடை பழைய பெர்மி இன்னும் செல்லும். நீங்கள் இழுக்கலாம்.”

அவர் திரும்பிப் பார்த்தார். “ஆர் சொன்னது?”

“விதியிலை இருக்கு. இண்டைக்குத்தான் பாத்தனான்.”

சாமான் பையை என் கையில் தந்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். மேடையின் கடைசிவரை நடந்து போய்க் கதைத்தார். அவர் திரும்பி வருமுன் ரயில் வந்து நின்றது.

“பொவேக்காரன் வித்துப்போட்டானாம். அஞ்சு நாளாகுது,” என்றார். “பரவாயில்லை. வேறை ஒண்டு பாப்பம்.”

இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு நேரான அர்த்தம்தான் இருந்தது. சந்தைகள் தொடங்க ஐந்து கிழமைதான் இருந்தபடியால் அவசரமாகத் தேடினோம். அதே மாதிரியான ஒரு வண்டி ரூவான் பக்கம் கிடைத்தது. எடைகளெல்லாம் பொருந்தின. ஆனால் இது மிகவும் ஓடிக் களைத்த வண்டி. கியர் மாற்றும்போது தடியில் ஒரு நடுக்கம் இருந்தது. அண்ணை அதைக் கவனித்தார். கவனித்துவிட்டும் வாங்கினார்.

முதல் நாள் கொழுவும்போது நானும் போயிருந்தேன். லொறியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார். கரவானின் கழுத்துக்குக் கீழே இருந்த தடித்த ஆணி செலெத்தின் வாய்க்குள் போய் ‘டொக்’ என்று விழுந்தது. இறங்கிக் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, பூட்டு கழலாது என்று உறுதிப்படுத்தினார். பக்கத்தில் மணலும் கல்லும் விற்கும் ஒரு முற்றத்தில் லொறி நிறுக்கும் தராசு இருந்தது. நான் வற்புறுத்தியதால் அங்கே போனோம். இரண்டும் சேர்ந்து ஆறு தொன் எழுநூறு கிலோ. துண்டுச்சீட்டை வாங்கி வெயில் மறைப்பானில் செருகினார்.

“உன்ரை கணக்குச் சரி,” என்றார்.

முதலாளியின் மகள் வேறு ஆளை எடுத்திருக்கவில்லை; பங்குனிக் கடைசியில் அவளுடைய கடையோடு புறப்பட்டுப் போனார். காலையும் மாலையும் சீனி அளந்து எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பவேண்டும் என்பது என் நிபந்தனை. பெரும்பாலும் அனுப்பினார்.

இரண்டாவது கோடையில் ஓவேர்ன் மலைப்பக்கம் ஒரு நீண்ட ஏற்றத்தில் கியர்பெட்டி உடைந்தது. ஒரு சின்ன ஊரின் உதைபந்தாட்டத் திடலுக்குப் பக்கத்தில் கரவானை இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். உதிரிப்பாகம் வரப் பதினொரு நாள் சென்றது. இரண்டு சந்தைகள் தவறிப்போயின. தொலைபேசியில் அண்ணை கோபமாகக் கதைக்கவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மாவு பொரித்துக் கொடுத்ததாகச் சொன்னார். எனக்கு அந்தப் பதினொரு நாளும் பொவேயில் பார்த்த வெள்ளை வண்டிதான் மனதில் நின்றது.

நான் அதை அவரிடம் சொன்னது 2019இல், ஒரு ஞாயிறு மத்தியானம். என் கணவர் வெளியே போயிருந்தார். சோறு போட்டு முடித்து நானும் உட்கார்ந்தபோது எந்த முன்னுரையும் இல்லாமல் சொல்லிவிட்டேன்.

“அந்தப் பெர்மி விசயம், அண்ணை. நான் உங்களுக்குச் சொன்ன அண்டைக்கில்லை, மூண்டு கிழமைக்கு முதலே பாத்திட்டன்.”

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. மீன் முள்ளைக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார்.

“மூண்டு கிழமையோ?”

“ஓம்.”

“நான் அவளிட்டை வேலை வேண்டாமெண்டு சொல்லேக்கை உனக்குத் தெரியும்.”

“சொன்னது எனக்குத் தெரியாது. பெர்மி தெரியும்.”

அவர் தலையாட்டினார். “கியர்பெட்டி எந்த வண்டிக்கும் உடையும்,” என்றார். கை கழுவினார். தேத்தண்ணி கேட்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார், வழமைபோலச் சாப்பிட்டார், என் கணவரோடு உதைபந்தாட்டம் பார்த்தார்.

அதற்குப் பிறகும் எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. இப்போதும் குளிர்காலத்தில் எபினேயில்தான் இருக்கிறார். சீனியை அளக்கக் கையில் ஒரு சின்ன வில்லை ஒட்டியிருக்கிறார். முதலாளியின் மகளுடைய தொலைபேசிக்கும் எனக்கும் அளவு போகிறது. பழைய லொறியை விட்டுவிட்டு இரண்டு வருடத்துக்கு முன் வேறொன்று எடுத்தார். அதன் பதிவு வேலையை ரூ லூயி-பிளாங்கின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு அலுவலகத்தில் கொடுத்துச் செய்வித்தார். செய்வித்துவிட்டு அந்தக் கையோடு என்னிடம் வந்து, பக்கத்துக் கடையில் வாங்கிய இரண்டு உளுந்து வடையை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்து கதைத்துப் போனார். பத்திரம் அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தது. அந்த வண்டியின் எடைகளை நான் இன்னும் பார்க்கவில்லை.