கால் திருப்பு

அன்று முன்னறையில் இருந்தவர்கள்: மாமா, நாற்காலியில். அம்மை, சுவரோரம் தரையில், காலை நீட்டி. மாமா மகள், கையில் போனோடு. அண்ணன் கல்ஃபில்தான், ஆனாலும் இருந்தான். என் போனைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தோம், அதில் அவன் முகம் தெரிந்தது. அண்ணன் மனைவி, மைனி, அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் பக்கம் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மில்லுக்கு லீவு. மாமா ஒரே ஒரு கேள்வி கேட்க வந்திருந்தார். மைனி எழுதுகிற கதையில் வரும் மெக்கானிக் நானா, இல்லையா. செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்: "ஆமான்னா பிள்ளைய குழித்துறைக்கு கொண்டு விட்டிருவேன். இல்லேன்னா சாயா குடிச்சிட்டு போவேன்." குழித்துறை மைனியின் அம்மா வீடு. அங்கே அனுப்பினால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். அது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மைனி எழுதுவது போனில். கல்யாணம் முடிந்து நாற்பது நாளில் அண்ணன் விமானம் ஏறிவிட்டான். மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்த பிறகு பின்வாசல் படியில் உட்கார்ந்து கட்டைவிரலால் எழுதுவாள். ஒரு செயலியில் வாரம் ஒரு அத்தியாயம் வரும். வேறு பேரில் எழுதினாள். எல்லாம் பழைய வெள்ளைக்காரக் கதைகள், செருப்பைத் தொலைத்த பெண், நூறு வருஷம் தூங்கிய இளவரசி என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களே, அவை. ஆனால் இவள் கதையில் கரண்ட் கிடையாது, பெட்ரோல் கிடையாது. எல்லாம் நீராவியில் ஓடும். பித்தளைச் சக்கரம், ஆவிவண்டி, ஆகாயத்தில் ஆவிக்கப்பல். அந்தக் கப்பலை எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிதறால் மலையில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தாள். நடுவில் காதலும் உண்டு. இந்த மாதிரிக் கதைக்கு ஸ்டீம்பங்க் என்று பேராம். எனக்குத் தெரிந்த பங்க் பெட்ரோல் பங்க்தான். அதைச் சொன்னபோது மைனி சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

நான் ஆறாம் வகுப்பு வரை. அதன்பிறகு நெல் அவிக்கிற மில்லில் பாய்லர் வேலை. உமி போட்டு எரிக்கிற பாய்லர். வலது கை ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது, பெல்ட்டில் போனது. அதிகம் பேச மாட்டேன், பாய்லர் பக்கத்தில் பேசினாலும் கேட்காது. மைனிதான் கேள்வி கேட்பாள். சோறு போட்டுக்கொண்டே கேட்பாள். "தம்பி, ஸ்டீம் எப்பிடி சத்தம் போடும்? தண்ணி குறைஞ்சா எப்பிடி தெரியும்?" நான் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை சொல்வேன். ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் பாய்லர் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். மெயின் வால்வைத் திறப்பதைக் காட்டினேன். குளிர்ந்த குழாய்க்குள் தண்ணீர் கிடக்கும். வால்வைச் சட்டென்று திறந்தால் ஆவி அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுத்தியல் மாதிரி அடிக்கும், குழாய் பிளந்துவிடும். அதனால் அடியில் வடிகுழாயைத் திறந்துவிட்டு, வால்வைக் கால் திருப்பு, அதாவது கால்வாசிச் சுற்று மட்டும்தான் திருப்ப வேண்டும். பிறகு நிற்க வேண்டும். குழாய் சூடாகிற வரை நிற்க வேண்டும். அதன்பிறகு இன்னொரு கால் திருப்பு. மைனி கையைக் குழாய்ப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தச் சூடு வருவதைப் பார்த்தாள். "நிக்கியதுதான் வேலையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவள் கதையில் இளவரசி ஒரு பித்தளைக் கோபுரத்தில் தூங்குகிறாள். அவள் நெஞ்சு ஆவியில் ஓடுவது. பாய்லர் அணைந்து நூறு வருஷம். அதைப் பற்றவைக்க ஒரு மெக்கானிக் வருகிறான். பேச்சுக் குறைவு. ஒரு விரல் பாதிதான். இந்த விரல்தான் வினையானது. மாமா மகளின் ஹாஸ்டலில் பிள்ளைகள் அந்தக் கதையை உயிராகப் படிக்கிறார்கள். அவளும் படித்தாள். விரலைப் பார்த்தாள், சிதறாலைப் பார்த்தாள், எழுதுவது யாரென்று கண்டுபிடித்தாள். கோட்டாற்றில் ஒரு கல்யாண வீட்டில் வைத்து அதைச் சிரிப்பாகச் சொல்லிவிட்டாள். அங்கே இருந்தவர்கள் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"லேய், படிக்கட்டுமா?" என்று மாமா என்னைக் கேட்டார். மகளிடமிருந்து போனை வாங்கிக் கண்ணாடியைப் போட்டார்.

"எனக்கு வெக்கமா இரிக்கு. அது லவ் சீன் அப்பா," என்றாள் அவள்.

"ஒனக்கு இப்பத்தானா வெக்கம் வந்தது?"

மாமா படித்தார். நிலப்பத்திரம் படிக்கிற குரல். மெக்கானிக் வால்வைக் கால் திருப்பு திருப்புகிறான். நிற்கிறான். குழாயில் கை வைத்துப் பார்க்கிறான். அவசரப்பட்டால் அவள் நெஞ்சு பிளந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். சூடு மெல்ல மெல்ல அவள் பக்கம் போகிறது. அவ்வளவுதான் லவ் சீன். ஒருவரை ஒருவர் தொடவில்லை. ஆனால் மாமா பாதியில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் மேலே படித்தார். அம்மை தரையைப் பார்த்தாள். நான் சொன்னது எல்லாம் சொன்னபடி இருந்தது. ஒரு சொல் பிசகவில்லை.

போனில் அண்ணன் கேட்டான்: "தம்பி. அந்த ஆளு நீயா?"

மாமாவும் பார்த்தார். மைனி பார்க்கவில்லை.

நான் சொன்னேன்: "இது தப்பாக்கும். வால்வை ஒரேயடியா திறக்கணும். இப்பிடி நின்னு நின்னு திறக்கியவன் மில்லுல ஒரு நாள் தாங்க மாட்டான். இவனுக்கு பாய்லர் தெரியாது. அப்ப எப்பிடி நானாவேன்?"

மாமா என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டியா மக்களே? நம்ம பயலா இருந்தா வால்வாவது ஒழுங்கா திறந்திருப்பான்." மாமா மகள் சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "இருந்தாலும் அந்த விரல மாத்தீரு பிள்ளே" என்றான்.

மைனி நிலையிலிருந்து கையை எடுத்தாள். "மாத்த என்ன இரிக்கு? வேலையே தெரியாம எழுதியிருக்கேன். நிறுத்துகேன்," என்றாள். உள்ளே போய்ச் சாயா போட்டாள். மாமா குடித்துவிட்டுப் போனார்.

குழித்துறைக்குப் போகவில்லை. எழுதவும் இல்லை. மழைக்காலம் போனது, ஒரு அறுவடை போனது. மைனி பழையபடி சமைத்தாள், எனக்குச் சோறு போட்டாள். கேள்வி மட்டும் கேட்கவில்லை. மத்தியானம் பின்வாசல் படியில் முருங்கைக்கீரை உருவினாள். நான் அன்று அவளைக் காப்பாற்றினேன் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அவள் எழுதியதில் எனக்கு நன்றாகத் தெரிந்த பாகம் ஒன்றுதான். அது சரி என்று சொல்ல அந்த அறையில் வேறு ஆளே கிடையாது. அதைத் தப்பு என்று சொன்னவன் நான்.

மில் கிளார்க்கிடம் போனைக் கொடுத்து அந்தச் செயலியை ஏற்றச் சொன்னேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். முழுதும் படிக்க இரண்டு மாதம் ஆனது. கடைசி அத்தியாயத்தின் அடியில் படித்தவர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள். இளவரசி எப்போது எழும்புவாள், எழுதுகிறவருக்கு உடம்பு சரியில்லையா, பாதியில் விடாதீர்கள் அக்கா. அதன் கீழே நானும் எழுதினேன். பாய்லரில் ஆவி ஏறுகிற நேரம், வேறு வேலை இல்லை. ஒரு வரிக்கு அரை மணி நேரம். 'கால் திருப்பு சரி. நான் சொன்னது பொய். பாய்லர்காரன்.' மாமா மகள் படிப்பாள் என்று தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அண்ணன் கூப்பிட்டான். இந்தத் தடவை முகம் தெரியவில்லை, வெறும் குரல்.

"அப்ப அண்ணைக்கு சொன்னது பொய்யா?"

"ஆமா."

"அந்த ஆளு நீதானா?"

"வால்வு என்னுது. ஆளு யாருன்னு எனக்கு தெரியாது."

அங்கே ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மைனி மனதில் என்ன இருந்தது என்று நான் கேட்டதில்லை. என் மனதிலும் தோண்டிப் பார்த்ததில்லை. அதனால் அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன்.

கடைசியில், "அவ எங்கிட்ட ஒரு நாளும் என் வேலைய பத்தி கேட்டதில்ல," என்றான்.

"நீ சொன்னியா?"

"இல்ல." பிறகு, "அவ கிட்ட போன கொடு," என்றான்.

கொடுத்துவிட்டு நான் மில்லுக்குப் போய்விட்டேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. சாயங்காலம் வந்தபோது மைனியின் கண் சிவந்திருந்தது. சோறு போட்டாள். மீன் குழம்பு. ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "தம்பி, கிரேன் ஓட்டுகியவனுக்கு மேல இருந்து கீழ நிக்கிய ஆளு முகம் தெரியுமா?"

அண்ணன் கல்ஃபில் கிரேன் ஓட்டுகிறான்.

"எனக்கு தெரியாது. அண்ணன கேளுங்க," என்றேன்.

"கேட்டேன். தெரியாதாம். தொப்பிதான் தெரியுமாம்," என்றாள்.

மைனியை எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான். மாமா அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வழியில் கண்டால் என்னிடம் பேசுவதில்லை. மில்லில் இப்போதும் அதே வேலை. கதையில் மெக்கானிக்கின் விரல் இன்னும் பாதிதான். இளவரசி கண் திறக்கவில்லை, கை மட்டும் சூடாகியிருக்கிறது. இப்போது ஆவிக்கப்பலில் பாரம் தூக்குகிறவன் ஒருவன் புதிதாக வந்திருக்கிறான். அவன் மேலே இருந்து கீழே பார்த்துக்கொண்டே இருக்கிறான். அண்ணன் போன் வந்த பிறகு மைனி எழுதிய அத்தியாயங்களை நேற்று எண்ணினேன்.

பத்தொன்பது.