பாதி துருப்பிடித்த பயனெட்

பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சொல்லட்டும். இது பட்டப்பகலில் நடந்தது. நான் தங்கியிருக்கும் என் அக்கா வீட்டில் நடந்தது. நான் கைச்சரக்கு எதுவும் சேர்க்கவில்லை. மாமா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். கடைசியில் நடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். இரவு வேலை. பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குவார். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், பயனெட். துப்பாக்கி முனையில் மாட்டுகிற பழைய பட்டாளத்துக் கத்தி. கூடத்துச் சுவரில் பதினொன்று தொங்கின. தேய்த்துப் பளபளப்பாக்கியதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். உழைத்துத் தேய்ந்ததாக இருக்க வேண்டும். பிடியில் கை பட்ட கறுப்பு, கூரில் மழுங்கல், துரு, கீறல் எல்லாம் அப்படியே வேண்டும். துடைக்கவும் விடமாட்டார்.

“சுவரு முழுக்கக் கத்தி. வெங்காயம் நறுக்க உருப்படியா ஒண்ணு இல்ல,” என்பாள் அக்கா.

அவள் சிரித்துப் பேசிய காலம் அது. பிறகு மகன் போய்விட்டான். மூன்று வயது. காய்ச்சல் என்று படுத்தான், எழவில்லை. இடுகாட்டில் அவன் தலைமாட்டில் மாமாவே ஒரு நீலப் பலகையை அடித்து வைத்தார். கல் வைக்கச் சொல்லி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். வைக்கலாம், வைக்கலாம் என்றே நாள் கடத்தினார். கல் வைத்துவிட்டால் அவன் போனது உறுதியாகிவிடும் என்று அவருக்குப் பயம்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பழைய சாமான் கடையிலிருந்து பன்னிரண்டாவது பயனெட்டை வாங்கி வந்தார். பிடியிலிருந்து பாதி வரை வெறும் பழுப்பு. அங்கே கோடு போட்டது போல ஒரு தடம். அதற்குக் கீழே கூர் வரை துரு அரித்துக் குழிகுழியாக இருந்தது. நடுப் பள்ளத்தில் காய்ந்த மண். உறைக்குள் தண்ணீர் நின்றிருக்கும் என்று மாமா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆணி அடித்து, கூர் கீழே பார்க்க மாட்டினார்.

மறுநாள் மதியம் மூன்று மணி. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். நான் கடைக்குப் போயிருந்தேன். மாமா அரைத் தூக்கத்தில் இருந்தார்.

தப்...

கண்ணைத் திறந்தார்.

தப்... தப்...

கூடத்தில்தான். உள்ளங்கையால் தரையைத் தட்டுகிற சத்தம். கண் தெரியாதவர் கீழே விழுந்ததைத் தேடுவது போல. ஓர் இடத்தில் தட்டும். நிற்கும். கொஞ்சம் தள்ளித் தட்டும்.

எழுந்து போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. புதுக் கத்திக்கு நேர் கீழே ஒரு சிட்டிகை மண். விரலால் தொட்டார்.

ஈரம்.

சனிக்கிழமை. அதே மூன்று மணி. சத்தம் கூடத்தைத் தாண்டியது. அறை வாசற்படியைத் தாண்டியது. கட்டிலுக்கு அடியில் வந்தது.

தப்...

கூடவே மூச்சு. அழுது அழுது ஓய்ந்த மூச்சு.

மாமா அசையவில்லை. பயம் மட்டும் இல்லையாம். அந்த மூச்சு அவருக்குத் தெரிந்த மூச்சாம்... மகனைப் புதைத்துவிட்டு வந்த அன்று அக்கா விட்ட மூச்சு.

விழுந்தடித்து எழுந்தார். கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு, அவரைப் போலவே கத்தி சேர்க்கிற ஒரு ரிட்டயர்டு பட்டாளத்துக்காரரிடம் ஓடினார். அவர் துரு முடிகிற கோட்டில் கட்டைவிரலை வைத்தார்.

“உறையில தண்ணி நின்னா இப்படிக் கோடு விழாது தம்பி. இது மண்ணுல நின்ன கத்தி. சண்டையில செத்தவனை அங்கேயே புதைச்சிட்டு, அடையாளத்துக்குத் தலைமாட்டுல கத்தி மாட்டின துப்பாக்கியைத் தலைகீழா குத்தி வைப்பாங்க. இந்தக் கோடு வரைக்கும் உள்ள இருந்திருக்கு. பல வருஷம்.”

“அப்போ இதைப் பிடுங்கினது...”

“பிடுங்கின பிறகு அவன் எங்கன்னு யாருக்குத் தெரியும்? பெத்தவளே வந்தாலும் தேடிக்கிட்டேதான் இருக்கணும்.”

திருப்பிக் கொடுக்கப் போனார். கடைக்காரர் கையை விரித்தார். பழைய இரும்போடு மூட்டையாக வந்ததாம். எந்த மண்ணிலிருந்து என்று அவருக்குத் தெரியாதாம்.

ஞாயிறு காலை மூவரும் இடுகாட்டுக்குப் போனோம். வழியில் மாமா சொன்னார்: “கல்லு வெச்சிடலாம். இந்த வாரமே.” அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீலப் பலகை இல்லை.

அது குழந்தைகளைப் புதைக்கிற மூலை. மழையில் கரைந்து, சின்னச் சின்ன மேடுகளாக, எல்லாம் ஒன்று போலவே இருந்தன. அக்கா வாராவாரம் வந்த இடம்தான். ஆனால் பலகையைப் பார்த்தே நடந்து பழகிய கண். அது இல்லாமல் எது என்று தெரியவில்லை. காவலாளிக்கும் தெரியவில்லை.

“ஒரு வயசான அம்மா வந்து பலகையைப் பிடுங்கிட்டுப் போனாங்களே. உங்க வீட்டுப் பெரியவங்கன்னு நினைச்சேன். முழங்கை வரைக்கும் மண்ணு.”

“எப்போ?”

“வியாழக்கிழமை. சாயங்காலம்.”

அந்த நேரத்தில்தான் மாமா அந்தக் கத்தியை மாட்டச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா மண்டியிட்டாள். முதல் மேட்டை உள்ளங்கையால் தட்டினாள். காது கொடுத்துக் கேட்டாள். அடுத்ததற்கு நகர்ந்தாள்.

தப்...

தப்... தப்...

மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டில் அந்தச் சத்தம் வரவேயில்லை. கத்தி இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. எங்கே கொண்டுபோய் நடுவது?

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தனியாகத்தான் போகிறாள். பொழுது சாய்ந்து திரும்பி வருவாள். கையில்...

முழங்கை வரை மண்.